விசில் ஊதாத ஒரு மணி நேரம்

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் ஆனந்தராஜ் அவர்களே, மேடையை நிறைத்து அமர்ந்திருக்கும் கமிட்டிப் பெருமக்களே, இரவு ஷிப்டு பஸ் வருமுன் ஒரு பேச்சாவது கேட்போம் என்று ஓரத்தில் நிற்கும் தம்பிமார்களே, தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே மூச்சில் பேசும் என் தாய்மார்களே, பி பிளாக் சென்னம்மாளின் வணக்கம் உங்கள் அனைவரையும் வந்து சேரட்டும்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு இறங்கியவள் நான். ஆனாலும் என் பேத்தி மோகனப்ரியாவைப் பற்றிப் பேச எவரும் எனக்கு எழுதித் தர வேண்டியதில்லை. மாநிலப் போட்டியில், தவளை நீச்சலில், மூன்றாவதாக வந்தவள் அவள். நன்றி சொல்லத்தான் மைக்கைக் கொடுத்தார்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வி. அவள் ஏன் முதலாவதாக வரவில்லை?

கையில் வலுவில்லையா? காலில் வலுவில்லையா? மூச்சில் வலுவில்லையா? பாரூரில் எங்கள் பங்காளி தோட்டத்துக் கிணற்றில் குதித்து, அடிமண்ணை அள்ளி வந்து கரையில் காட்டிய பிள்ளையய்யா அவள்.

போட்டியைக் கண்ணால் பார்த்தேன். போகும்போது அவள்தான் முன்னால். இரண்டு கையாலும் சுவரைத் தொட்டாள், திரும்பினாள், உதைத்தாள். அங்கேதான் போயிற்று எல்லாம். மற்றப் பெண்கள் தண்ணீருக்கடியில் ஈட்டி போல நீண்டு சென்றார்கள். இவள் உடனே தலையைத் தூக்கினாள். மேல்தண்ணீர் இவளைப் பிடித்து நிறுத்தியது. அடித்தண்ணீர் அவர்களுக்கு வழிவிட்டது.

வாரம் ஒரு நாள் கிருஷ்ணகிரியில் அவளுக்குக் கற்றுக்கொடுக்கும் சுரேந்தர் நொந்துபோனார்.

“ஏம்மா, திரும்புனதும் கீழயே நீண்டு போன்னு எத்தன தடவ சொன்னேன்? வேகம் கொறையறப்ப கையால தொடை வரைக்கும் ஒரு இழுப்பு, கூடவே மீனாட்டம் ஒரே ஒரு ஒத. அப்பறம் கைய ஒடம்போட ஒட்டி முன்னால கொண்டாந்து ஒரு தவள ஒத. அதுக்கப்பறந்தான மேல வரணும்?”

“தெரியும் சார். கீழ போனா விசில் கேக்குது.”

“இங்க யாரும் ஊதலியே.”

“எனக்குக் கேக்குது சார்.”

சபையோரே, ஊதியது யார்? மற்ற நாளெல்லாம் அவள் நீந்துவது நம் குடியிருப்பு நீச்சல் குளத்தில் அல்லவா? தலை கொஞ்ச நேரம் மறைந்தாலே காவலாளி விசில் ஊத வேண்டும் என்று சட்டம் போட்டது நம் சங்கம் அல்லவா? குழந்தைகளைக் காக்கப் போட்ட சட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் இவள் சுவரை உதைக்கும்போதெல்லாம் விசில். பால்கனியிலிருந்து ஓர் அம்மா, சீக்கிரம் மேலே வா என்று கன்னடத்தில், “மேலே பா மரி, பேக மேலே பா.” கரையிலிருந்து ஒரு பெரியவர், “ஏ பாப்பா, செத்துகித்துத் தொலச்சிடாத, அசோசியேசனுக்குக் கெட்ட பேரு.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கிணற்றடியைத் தொட்ட பிள்ளைக்கு அடித்தண்ணீரையே மறக்கடித்துவிட்டு, வாசலில் பேனர் வைத்திருக்கிறீர்கள், ‘எங்கள் குளம் வளர்த்த மீன்’ என்று. எந்த மீனய்யா தலையைத் தூக்கிக்கொண்டு நீந்துகிறது? தண்ணீர் தந்தீர்கள், ஆழத்தைத் தரவில்லை. சுவர் தந்தீர்கள், அதை உதைத்துப் போகும் தூரத்தைத் தரவில்லை. மேடை தருகிறீர்கள், மாலை தருகிறீர்கள், கேட்டதை மட்டும் தரவில்லை.

சுரேந்தர் இரண்டு முறை வந்து கேட்டார். “ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான்” என்று அனுப்பிவிட்டீர்கள். அடுத்த மாதம் தென்மண்டலப் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள். இதை விட்டால் அவள் வயதுப் பிரிவில் நீந்தும் வாய்ப்பு முடிந்தது. நான் கேட்பது என்ன? பொன்னா, பொருளா? காலையில் ஒரு மணி நேரம், ஓரத்து லேன் ஒன்று, விசில் இல்லாமல். கரையில் நான் நிற்கிறேன். காவலாளியும் நிற்கட்டும், வாயில் விசில் வைக்காமல் கண்ணால் பார்த்துக்கொண்டு.

என்ன தலைவரே? கமிட்டியில் வைத்துப் பேசலாமா? கமிட்டி முழுக்க இங்கேதானே காபி குடித்துக்கொண்டிருக்கிறது. இப்போதே பேசுங்கள்.

என் பேத்தியைத் தண்ணீரில் இறங்க விட்டதற்கு நன்றி. அடியில் இருக்க விட்டால் மீதி நன்றியும் வரும். தலைவர் தலையை ஆட்டுகிறார். பின்வரிசைக்கு அது தெரியாது தலைவரே. இந்தாருங்கள் மைக், வாயால் சொல்லுங்கள். எல்லோருக்கும் வணக்கம்.