நூற்றுப் பன்னிரண்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு

— மெதுவா, பாப்பா. காயிதம் கசங்குச்சுன்னா ஆபீசர் முழிச்சுக்குவாரு.

— பாதி வெளிய வந்துடுச்சுண்ணா. அவர் கை மேல இருக்கு, அதான் சிக்குது. படகை ஆட்டாம பிடிங்க.

— நானா ஆட்றேன்? என்ஜினைக்கூட நிறுத்தி வெச்சுகீறேன். கடலு தன்னால மூச்சு வுடுது. வாந்தி மாத்திரை எத்தினி போட்டாரு இவுரு?

— ரெண்டு. ஒண்ணே ஜாஸ்தின்னு சொன்னேன், கேக்கல. டெல்லியில இருந்து என் பொட்டியைச் சோதிக்க வந்தவர், வலையில மீன் ஏறினதும் காகிதத்தை மடியில வெச்சு விறுவிறுன்னு எழுதினார். எழுதின கையோட தூங்கிட்டார். இருங்க... வந்துடுச்சு.

— படி. இங்கிலீஷ் வாணாம். என் பாஷைல சொல்லு.

— தண்ணிக்குள்ள மைக் விட்டு, கத்தாளை மீன் போடற சத்தம் கேட்டா பச்சை விளக்கு எரியற கருவி. சரியா எழுதியிருக்கார். சத்யப்ரியாங்கிற பொண்ணு, அதாவது நான், இரும்புலியூர்ல ஒரு மாடி ரூம்ல கம்பெனி நடத்தறா, அதுவும் சரி. கோவளத்துல துலுக்காணம் படகுல, இதே உங்க படகுலதான், எட்டு மாசமா சோதனை. அப்புறம்...

— அப்பறம் இன்னா?

— துலுக்காணம், துடுப்பைத் தண்ணியில விட்டு, மறுமுனையில காதை வெச்சு மீன் சத்தம் கேக்கறதுல பேர் போனவராம். அவர் கை தூக்கறதும் விளக்கு எரியறதும் ஒரே சமயமாம். நூத்திப் பன்னெண்டு தடவையும் ரெண்டும் ஒத்துப்போச்சுன்னு நான் பெருமையா எழுதிக் குடுத்தேனே, அதையே எனக்கு எதிராத் திருப்பிட்டார். எந்தக் கருவியும் ஒரு மனுஷன் காதோட ஒரு தடவைகூடப் பிசகாம ஒத்துப்போகாதாம். அதனால கேக்கறது மனுஷன்தான், பொட்டி வெறும் விளக்குதான்னு முடிச்சிட்டார்.

— அதான் உன் காலுக்கடியில குனிஞ்சு குனிஞ்சு பாத்தாரா? செருப்பைத் தொலைச்சுட்டாரு போலன்னு நெனச்சேன்.

— ஸ்விட்ச் தேடினார்ணா. நீங்க சைகை காட்ட, நான் காலால அமுக்கறேனாம்.

— கையெழுத்து போட்டுட்டாரா?

— இன்னும் இல்ல. ரெண்டாம் கட்ட நிதி சிபாரிசு செய்யலைன்னு எழுதிட்டு, கீழ இடம் விட்டிருக்கார். கரையில இறங்கினதும் போடுவார். சாயங்காலம் மீனம்பாக்கத்துல ஃப்ளைட்.

— காயிதத்தைத் தண்ணில வுட்டுட்டா?

— வேற காகிதத்துல எழுதுவார். மனசுல இருக்கறதைத் தண்ணியில போட முடியாதே.

— இன்னொரு நாள் வரச்சொல்லு. நான் கரையிலயே குந்திக்கிறேன்.

— வர மாட்டார். இந்த மாசத்தோட எங்க ஃபைலை மூடிடுவாங்க. நேத்தே உங்ககிட்ட கெஞ்சினேனா இல்லையா? நாளைக்கு ஒரு நாள் துடுப்பை வீட்டுல வெச்சுட்டு வாங்க, கையைத் தூக்காதீங்கன்னு. பெரிசா தலையை ஆட்டினீங்க.

— ஆட்னேன். இங்க வந்தா நாலு படகு என் கையையே பாத்துகினு நிக்குது. நான் தூக்காம எவனும் வலை எறக்க மாட்டான். எங்கப்பன் காலத்துலருந்து அப்டி. சத்தம் கேக்கறவனுக்கு மீனுல ஒரு பங்கு ஜாஸ்தியா தர்றது இன்னாத்துக்கு? ஆபீசர் வந்துகீறாருன்னு நாலு படகும் வெறும் வலையோட திரும்பணுமா? இப்ப பாரு, மீனோட கரைக்குப் போயிட்டானுங்க. எம் பொஞ்சாதி காந்தா இந்நேரம் மீன் கூடையைத் தூக்கிகினு தாம்பரம் பஸ் ஏறியிருப்பா.

— சரி, விடுங்க. உங்க மேல தப்பு இல்ல.

— ஆபீசர் கொறட்டையப் பாரு. பேஜாரே இல்லாத மனுசன். தபார் அங்க, நாவலூர் பில்டிங்கெல்லாம் பனிக்குள்ள தண்ணி மேல நின்னுகினு கீது. வேரு இல்லாத மரம் மாரி.

— அதுல ஒண்ணுல, ஏழாவது மாடியிலதான் நான் முன்னாடி வேலை பாத்தேன். திரும்பி வர்றியான்னு மெயில் போட்டிருக்காங்க. திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். இந்த நிதி இல்லன்னா வர்றேன்னு எழுத வேண்டியதுதான்.

— இந்தப் பொட்டி?

— தெரியல. முதல் கட்டப் பணத்துல இது ஒண்ணுதான் முடிஞ்சது. அடுத்தது வந்தா இருபது பண்ணி இருபது படகுல வைக்கலாம்னு இருந்தேன். நீங்க கேன்ல குடுத்து அனுப்பின உயிர் மீனை எங்கப்பா வீட்டு மாடித் தண்ணித்தொட்டியில நான் விட்டு, சத்தம் பதிவு பண்ணினது ஞாபகம் இருக்கா? மூணு நாள் எங்க வீட்டுல யாரும் பல்லு தேய்க்கல.

— உங்கப்பா எனக்குப் போன் போட்டு வுட்ட டோஸு இன்னும் ஞாபகம் கீது. அத்த வுடு. இப்ப அந்த ஹெட்போனை மாட்டு. கீய மீனு இன்னும் கீதா?

— இருக்கு.

— இன்னா மாரி கேக்குது?

— உங்களுக்குத் தெரியாததா? இந்தாங்க, நீங்களே மாட்டிக்கோங்க.

— வாணாம். உன் வாயால சொல்லு.

— ம்... ஒரு தெரு முழுக்க மத்தியானத் தூக்கத்துல முனகற மாதிரி. நடுவுல யாரோ கதவைத் திறக்கறாங்க. கிர்ர்னு. அப்புறம் பக்கத்து வீட்டுக் கதவு. அப்படியே ஊரே திறந்து திறந்து மூடுது.

— அப்பறம்?

— கண்ணை ஏன் மூடிக்கிட்டீங்க?

— மூடுனா தெரியுது. நீ சொல்லு.

— தூரத்துல மேளம் மாதிரி ஒண்ணு. கல்யாண மண்டபத்துக்கு நாலு தெரு தள்ளி நின்னா கேக்குமே, பாட்டு புரியாது, அடி மட்டும் வரும். இப்ப எல்லாம் நின்னுடுச்சு. நம்ம படகு மிதந்துக்கிட்டே அவங்க தலைக்கு மேல போகுது போல. இருங்க... ஒருத்தர் மட்டும் ஆரம்பிக்கறார். இன்னொருத்தர் சேர்ந்துக்கறார். மறுபடியும் தெரு முழுக்க.

— ஆமா. அப்டிதான் கேக்கும். மொத தபா கேக்கசொல்ல எனக்கு ஒம்போது வயசு. கீய ஒரு ஊரு கீது, நம்மளைத்தான் கூப்டுதுன்னு குதிக்கப் பாத்தேன். எங்கப்பன் அரைஞாண் கவுத்தைப் பிடிச்சு இழுத்தாரு.

— அந்தக் காதை அப்படியே பொட்டிக்குள்ள கொண்டு வந்துட்டேன்னு நெனச்சேன்ணா.

— பொட்டி என்கிட்ட டியூசன் படிக்குதுன்னு குப்பத்துல சிரிப்பானுங்க.

— டெல்லியும் இப்ப அதையேதான் சொல்லுது.

— பாப்பா, இவுரு எழுதறது நம்ம குப்பத்துக்கு வருமா?

— மீனவர் சங்கத்துக்கு ஒரு காப்பி வரும். சோதனை நடந்த இடத்துக்கு அனுப்பணும்னு விதி. ஏன்?

— தலைவரு ஜெயவேலு எல்லாரையும் கூட்டி வெச்சுப் படிச்சுக் காட்டுவாரு.

— படிக்கட்டுமே. உங்களைப் பத்திப் பெருமையாதானே எழுதியிருக்கு.

— அதான்... அவுரை எழுப்பு.

— எதுக்குண்ணா? காகிதம் என் கையில இருக்கு.

— இருக்கட்டும். எழுப்பு. கரை வந்துட்டா எனக்கு வாய் வராது.

— சார்... கஸ்தூரிரங்கன் சார்.

— ம்... என்ன, கரை வந்துடுத்தா? அதென்னம்மா, என் ரிப்போர்ட் உன் கையில எப்படி வந்தது?

— நான்தான் எடுக்கச் சொன்னேன் சார், அவளைத் திட்டாத. எங்களுக்குள்ள சைகை நடக்குதுன்னு எழுதிகீற. அது நெசம்.

— அண்ணா, என்ன சொல்றீங்க?

— நீ செத்த சும்மா இரு பாப்பா. சார், பேனாவை எடு. நான் சொல்றதை அப்டியே எழுது. கைநாட்டு வெக்கிறேன், சங்கத்துலயும் படிக்கட்டும்.

— சொல்லுங்கோ. எழுதிக்கறேன்.

— சுனாமிக்கு அப்பறம் குடுத்த இந்த என்ஜின் பக்கத்துல குந்திகினே என் காது போச்சு சார். ஆளு பேசுனா கேக்குது, துடுப்புல வர்ற சன்ன சத்தம் ரெண்டு வருசமா கேக்கல. பொட்டி வர்ற வரைக்கும் குத்துமதிப்பாதான் கையைத் தூக்கிகினு இருந்தேன். சைகை குடுத்தது நான் இல்ல, அந்தப் பொட்டி. லைட்டு எரியறதை ஓரக்கண்ணால பாத்துட்டுதான், ஒவ்வொரு தபாவும் நான் கையைத் தூக்குனேன்.