முனீஸ்வரன் அவிழ்த்த முடிச்சு

வீரமணி: வண்டிய நிறுத்தப்போறன். எறங்கு.

புவனேஸ்வரி: இன்னாத்துக்கு? பாகூர் ஏரிக்கரையில, இந்த வெயில்ல? கோயில்ல பத்தரு ஊசியோட ஒக்காந்துகினு கீறாரு. பாப்பாவுக்குக் காது குத்தற நேரம் தவறிடும்யா.

வீரமணி: ஒரு விசயம் சொல்லணும். ஓட்டிகினே சொன்னா ஏரியில உட்டுடுவன்.

புவனேஸ்வரி: சரி, சொல்லித் தொல.

பாப்பா: ம்ம்...மேஏஏ...

வீரமணி: கேட்டியா? கேட்டியா? அப்டியே ஆடு!

புவனேஸ்வரி: யோவ், பெத்த பொண்ண ஆடுன்றியே, உன் வாய் வேவாது? தொண்டையில குருத்தெலும்பு இன்னும் இளசு, ஒன்றரை வயசுல தானா சரியாப்பூடும்னு டாக்டரு சொன்னாரா இல்லியா?

வீரமணி: டாக்டருக்கு இன்னா தெரியும்? நான் பண்ண பாவம் அவருக்குத் தெரியுமா?

புவனேஸ்வரி: ...இன்னா பாவம்?

வீரமணி: நீ முழுவாம இருந்தப்ப, சொகமா பிரசவம் ஆவணும்னு உங்க அண்ணன் முனீஸ்வரனுக்கு ஒரு கெடா நேந்துகினாரே...

புவனேஸ்வரி: கறுப்புக் கெடா. காணாப்போச்சே.

வீரமணி: காணாப்போவல.

புவனேஸ்வரி: பின்ன?

வீரமணி: நானும் என் கூட்டாளி சுப்புராயனும்... அந்தக் கரும்புத் தோட்டத்துல...

புவனேஸ்வரி: முழுங்காம சொல்லுய்யா.

வீரமணி: முழுங்கிட்டோம்டி! அதத்தான சொல்றன்!

புவனேஸ்வரி: அடப்பாவி! சாமி கெடாவயா?

வீரமணி: தப்புதான்.

புவனேஸ்வரி: ஈரல் யாரு தின்னது?

வீரமணி: இன்னாது?

புவனேஸ்வரி: ஈரல்யா, ஈரல். யாரு தின்னது?

வீரமணி: சுப்புராயன். இப்ப அதா முக்கியம்?

புவனேஸ்வரி: சும்மா கேட்டன். நீ மேல சொல்லு.

வீரமணி: வில்லியனூர்ல வாங்கினன்னு உங்க அண்ணன் வூட்டுக்கு ஒரு தூக்குல அவருக்குத் தெரியாம கொண்டாந்து குடுத்தனே, உனக்கு... அதுவும் அந்தக் கறிதான்.

புவனேஸ்வரி: ஓ.

வீரமணி: நீ வேற எலும்பெல்லாம் உறிஞ்சித் தின்ன.

புவனேஸ்வரி: மசக்கைய்யா! பிரசவம் ஆவறவரைக்கும் வூட்ல கறி வாசனையே வரக்கூடாதுன்னு அண்ணன் உத்தரவு. அஞ்சு மாசமா கத்திரிக்கா, கீர... கத்திரிக்கா, கீர. மனுசி இன்னா பண்ணுவா?

வீரமணி: இப்ப மட்டும் ஆறு மாசமா தொடவே மாட்டன்ற.

புவனேஸ்வரி: அது... ஒத்துக்கல. பால் குடுக்கறவ. நீ உன் கதையச் சொல்லு.

வீரமணி: ஆனா ஒண்ணுடி, நான் திருடல. சத்தியமா. பம்புசெட்டாண்ட ஒக்காந்துகினு இருந்தம், அது பாட்டுக்கு நடந்து வந்து எதிர்ல நின்னுச்சு. உங்க அண்ணன் போடற முடிச்ச மனுசன் அவுக்க முடியுமா? முனீஸ்வரனே அவுத்து அனுப்பிக்கீறாருடா, வேணான்னா கோச்சிக்குவாருன்னு சுப்புராயன் சொன்னான்.

புவனேஸ்வரி: சொல்லுவான் சொல்லுவான். ஈரல் தின்னவனாச்சே.

வீரமணி: ஐயய்யோ, போன் அடிக்குது. உங்க அண்ணன்!

புவனேஸ்வரி: ஸ்பீக்கர்ல போடு. எதனா உளறின, பாத்துக்க.

குழந்தைவேல்: மாப்ள, எங்க கீறீங்க? வெளிநாட்டு வேலைக்கு லீவு போட்டுட்டு, ஏர்போர்ட்லேருந்து நேரா கோயிலுக்கு வந்து, மடியில துண்டப் போட்டுகினு ஒக்காந்துகினு கீறன். எப்ப வீடியோ போட்டாலும் தூங்கற மருமவளத்தான காமிச்சீங்க. இன்னிக்காவது முழிச்சிகினு இருக்கறாளா?

பாப்பா: ம்மேஏஏஏ...

குழந்தைவேல்: இன்னா மாப்ள, நீயும் கெடா வாங்கியாந்துட்டியா? காணாப்போனதுக்குப் பதிலா நான் ஆள உட்டு இங்க ஒண்ணு கட்டி வெச்சிக்கீறனே!

புவனேஸ்வரி: இல்லண்ணே... வழியில யாரோ ஓட்டிகினு போறாங்க.

குழந்தைவேல்: நல்ல குரலு. ஆடு கொழுத்த ஆடாத்தான் இருக்கும். சீக்கிரம் வாங்க.

வீரமணி: வெச்சிட்டாரு... நீயே உன் பொண்ண ஆடுன்னுட்டியேடி!

புவனேஸ்வரி: பின்ன இன்னா சொல்லச் சொல்ற?

வீரமணி: அவரு மடியில ஒக்காந்து இவ ஒரு சத்தம் குடுப்பா. கட்டிக்கீற கெடா பதில் குடுக்கும். ஊரே சிரிக்கும். சிரிச்சிட்டுப் போவட்டும், அது கூட பரவால்ல. இவ வாயத் தொறந்தாலே எனக்கு அந்தக் கெடா மொகந்தான் தெரியுது புவனா. நாளைக்கு ஸ்கூலுக்குப் போவணும், நாலு புள்ளைங்களோட பேசணும். நான் தின்னதுக்கு இவ ஏன்டி கத்தணும்? மச்சான் கால்ல உழுந்து சொல்லிடப்போறன். அடிச்சா அடிக்கட்டும்.

புவனேஸ்வரி: வேணாம்யா.

வீரமணி: என் மானம் பூடும்னு பாக்கற. நீ தங்கம்டி. என்ன உட்டுக்குடுக்கவே மாட்ட.

புவனேஸ்வரி: அதுக்கில்ல... சொன்னா, கட்டின ஆட்ட யாரு அவுத்ததுன்னு கேப்பாரு.

வீரமணி: முனீஸ்வரன்னுவன்.

புவனேஸ்வரி: நம்ப மாட்டாரு.

வீரமணி: ஏன் நம்ப மாட்டாரு? அன்னிக்கு வூட்ல ஒருத்தரும் இல்ல. எல்லாரும் நெல்லு அறுக்கப் போய்ட்டாங்க. சாமியத் தவிர வேற யாரு கீறாங்க?

புவனேஸ்வரி: நான் இருந்தன்.

பாப்பா: ம்மே...

வீரமணி: புவனா?

புவனேஸ்வரி: இன்னா புவனா? அந்த முடிச்ச அவுக்க அரமணி நேரம் ஆச்சு, ரெண்டு நகம் பிஞ்சிச்சு. நீங்க ரெண்டு பேரும் பம்புசெட்டாண்ட கீறீங்கன்னு தெரிஞ்சிதான் அந்தப் பக்கமா பத்தி உட்டன். இவ இப்டிக் கத்தறதக் கேட்டா எனக்கு மட்டும் அந்தக் கெடா மொகம் தெரியலியா? ஆறு மாசமா கறி தொடாம முனீஸ்வரன்கிட்ட மன்னிப்புக் கேட்டுகினு கீறன், அவரு மன்னிச்சிடுவாரு. ஆனா அவுத்து உட்டவளுக்கு வெறும் எலும்பு, சும்மா ஒக்காந்துகினு இருந்த சுப்புராயனுக்கு ஈரலு... உன்ன நான் மன்னிக்கவே மாட்டன். வண்டிய எடு!