ஓடும் லைனில் ஒரு பாகத்தை மாற்றியவருக்கு

குருதி குன்றிய குழந்தைகளுக்குக் குரலாய் நின்றவரே! மேலிடத்தின் மிரட்டலுக்கு மசியாத மருத்துவரே! இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் டாக்டர் நரசிம்மன் அவர்களே! உங்கள் கதை ஒன்றை, வேறு யாருடையதோ போல, உங்கள் முன்னிலையிலேயே இந்த அவைக்குச் சொல்கிறோம், பொறுத்தருள்க.

2010. ஒரகடம் கார் ஃபேக்டரியில் லைன் வேலை பார்த்த பாண்டிச்செல்வி, ஐந்து வயது மகள் கனிஷ்காவைத் தோளில் போட்டுக்கொண்டு நம் வார்டுக்கு வந்தார். (இரண்டும் நாங்கள் வைத்த பெயர்கள். எச்.ஐ.வி. உள்ள பிள்ளையின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது டாக்டர் போட்ட சட்டம்.) சிகிச்சை தொடங்கி ஆறே வாரத்தில் குழந்தை காகிதமாய் வெளுத்திருந்தாள். ஹீமோகுளோபின் ஐந்து.

"மாத்திரைதான் சார் புள்ள ரத்தத்தக் குடிக்கி. எல்லாத்தையும் நிப்பாட்டிட்டேன். லைன்ல கோளாறுன்னா மொதல்ல கயித்த இழுத்து நிறுத்தணும்னுதான எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காவ?"

எங்களுக்குக் கோபம் வந்தது. டாக்டரோ நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பாதி கரெக்டும்மா! எலும்புக்குள்ள இருக்கிற மஜ்ஜைதான் ரத்த ஃபேக்டரி. மூணு மருந்துல ஒண்ணு, ஜிடோவுடின், கிருமியை அடக்குது. சில புள்ளைங்களுக்கு அந்த ஃபேக்டரியையும் ஸ்லோ பண்ணிடுது. அப்ப இரும்பு டானிக் ஊத்தினா ஸ்டோர்ல மெட்டீரியல்தான் குவியும், வண்டி வராது. ஆனா மூணையும் நிறுத்தினா கிருமி ஓவர்டைம் பார்க்கும்! அந்த ஒரு பார்ட்டை மட்டும் மாத்துவோம்."

"மாத்துனப்புறமும் வெளுத்துட்டான்னா?"

"என் சட்டையப் பிடிம்மா."

"சென்னைக்கு அனுப்பிவிடுங்கள், நமக்கேன் வம்பு?" என்றது மருத்துவமனை மேலிடம். அனுப்பினால் தாயின் ஷிஃப்ட் போகும், வேலை போகும், பின்னாலேயே சிகிச்சையும் போகும் என்று டாக்டருக்குத் தெரியும். "அனுப்ப மாட்டேன்" என்று எழுதியே கொடுத்தார். சென்னை எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தோடு பேசி மருந்தை மாற்றினார். குழந்தையை ஒதுக்கிவைக்க மூலைக் கட்டிலைக் காட்டியவர்களின் கண்ணெதிரே, வார்டின் நடுக் கட்டிலில் ரத்தம் ஏற்றினார்.

ஏற்றிய ரத்தம் இரவல்தான்; சொந்த ரத்தம் ஊறுமா என்பதே கேள்வி. பாண்டிச்செல்வி புது மாத்திரையை வெகுநேரம் உள்ளங்கையில் வைத்திருந்தார். பிறகு மகளின் வாயில் போட்டார்.

வாரந்தோறும் டாக்டர் குழந்தையின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். இன்னொரு பை ரத்தம் ஏற்றாமலே அது சிவந்தது. "சட்டை தப்பிச்சது சார்!" என்றார் தாய்.

ஐயா, அதன்பின் வந்த எந்தப் பிள்ளையையும் நீங்கள் திருப்பி அனுப்பியதில்லை. இனி யார் உத்தரவு போட்டாலும் நாங்களும் அனுப்பப் போவதில்லை. இந்த வாக்குறுதியே எங்கள் பொன்னாடை. வேளைக்கு உண்டு, வேண்டுமட்டும் உறங்கி, நெடுங்காலம் நலமாய் வாழுங்கள்!

குழந்தைகள் வார்டு ஊழியர்கள்
மே 2015