ஆல்ஃபோர்ஸின் ஆறாவது வெள்ளி

உங்கள் காவல் நிலையத்துக் காபி நான் பயந்த அளவுக்கு மோசமில்லை, ஆய்வாளர் டோரா. நீங்கள் வெளியூர்க்காரர், ஆகையால் கொஞ்சம் முன்னாலிருந்தே சொல்கிறேன். வருகிறவர்களுக்கு ஆல்ஃபோர்ஸ் கால்பந்துக் கழகத்தின் வரலாற்றைச் சொல்வதுதான் ஓய்வுக்குப் பிறகு என் வேலை. பார்வையாளர் மேடைக்குக் கீழே இதற்கென்றே ஓர் அருங்காட்சியக அறை வைத்திருக்கிறோம்.

மர ஆலைத் தொழிலாளர்கள் ஆரம்பித்த கழகம் இது. முதல் சட்டைகளை ஆலை மேலாளர் வீட்டுத் திரைச்சீலையில் தைத்தார்களாம். மஞ்சளில் பச்சைக் கோடு வந்தது அப்படித்தான். இவ்வளவு சின்ன ஊர், இந்த வருடத்துக்கு முன்பே ஸ்வீடனின் முதல் பிரிவில் ஐந்து முறை இரண்டாம் இடம் பிடித்து வெள்ளிப் பதக்கம் வாங்கியிருக்கிறது. முதலிடம் ஒருமுறைகூட இல்லை. ஒரு வருடம் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் போனது. இன்னொரு வருடம் மூடுபனி. பந்து தன் வலைக்குள் கிடப்பதே எங்கள் கோல்காப்பாளருக்குத் தெரியவில்லை, எதிர் அணி கட்டிப்பிடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். மற்றொரு வருடம் எங்கள் பெரிய ஆட்டக்காரர் காலையில் எல்க் மான் வேட்டைக்குப் போய்ச் சதுப்பில் மாட்டிக்கொண்டார். அவரை டிராக்டர் வைத்து இழுத்து வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

இதையெல்லாம் சொல்லும்போது ஜனங்கள் எப்படிச் சிரிப்பார்கள் தெரியுமா. வேறு ஊர்களில் தோற்றால் நாற்காலியை உடைப்பார்கள். நாங்கள் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, சாஸேஜ் தின்றுவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போவோம். இரண்டாம் இடம் வரும் வருடங்களில் ரொட்டிக்கடையில் வெள்ளித்தாள் சுற்றிய கேக் போடுவார்கள். தங்கம் ஜெயித்த ஊர் நிறைய இருக்கிறது. எங்களைப் போல் ஓர் ஊர் இல்லை.

ஐந்தாவது வெள்ளி என்னுடையது. எண்பத்து மூன்றாம் வருட இறுதி ஆட்டம், கடைசி பெனால்டி. உள்ளே போயிருந்தால் தங்கம். என் பந்து மேல்கம்பத்தில் பட்டு மேடைக்குப் பறந்தது. அன்றிலிருந்து நான் கம்பத்து ரூனே. முதல் வாரம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. வந்த பிறகுதான் புரிந்தது, யாருக்கும் என்மேல் கோபமே இல்லை. கடைக்குப் போனால் கேட்காமலேயே காபி வந்தது. பிறந்த குழந்தைகளை என் மடியில் வைத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் பந்து உள்ளே போயிருந்தால் பதினொரு பேரில் ஒருவனாக என்னை மறந்திருப்பார்கள்.

இந்த வருடம் ஜோயல் ஊஸ்டர்பெரி வந்தான். அணித்தலைவன், பெனால்டியில் தவறாதவன். நல்ல பையன். பயிற்சி முடிந்ததும் நான் செய்து வைக்கும் ஆப்பிள் கேக்குக்காகவே என் அறைக்கு வருவான். அவனுக்குப் பாதாம் ஆகாது, மூச்சு அடைத்துவிடும். அதனால் என் சமையலறையில் பாதாமே வைத்துக்கொண்டதில்லை. அவ்வளவு கவனமாக இருந்தேன், இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசி ஆட்டம் இங்கே, தலைநகர அணியோடு. ஜெயித்தால் தங்கம். அந்த வாரம் ஜோயல் என் மேசைமேல் ஏறி உட்கார்ந்து கேக் தின்றுகொண்டே சொன்னான்.

“ரூனே அண்ணே, ஞாயித்துக்கிழமையோட உன் கடைக்குப் பூட்டுதான். அப்புறம் எவன் வந்து தோத்த கதையைக் கேக்கப் போறான்?”

“கேப்பாங்கடா. வரலாறு இல்லையா.”

“வரலாறாம்! நாற்பது வருஷமா அந்த ஒரு உதையை வச்சே காபி குடிச்சிட்டே. போதும்ணே. இனிமே நீயும் ஜெயிச்ச ஊர்க்காரன். சந்தோஷமா இரு.”

என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். அன்பாகத்தான் சொன்னான். எனக்குத் துளிகூட வருத்தமில்லை. நான் யோசித்ததெல்லாம் கழகத்தைப் பற்றி. தங்கம் வந்தால் பெரிய அணிகள் எங்கள் பையன்களைக் கொத்திக்கொண்டு போய்விடும். அடுத்த வருடம் ஐந்தாம் இடம் வந்தால் ஊர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். ஜெயித்துப் பழகியவர்கள்தான் நாற்காலியை உடைப்பார்கள். யாராவது ஒருவர் ஊரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

ஞாயிறு காலை வழக்கம்போல் கேக் செய்தேன். மாவில் ஒரு கரண்டி பாதாம் பொடி. ஒரு கரண்டிதான். உதடு வீங்கும், கண் அரிக்கும், ஓர் ஆட்டம் போகும் என்று கணக்குப் போட்டேன். ஆனால் அவன் பையில் எப்போதும் ஓர் ஒவ்வாமை ஊசி இருக்கும். குத்திக்கொண்டு உடனே எழுந்து விளையாட வந்தாலும் வருவான், அப்படிப்பட்ட ஆள். அதனால் ஆட்டக்காரர்கள் அறையில் அவன் உடை மாற்றிக்கொண்டிருக்கும்போது அந்த ஊசியைப் பூட்ஸ் அலமாரிக்கு மாற்றினேன். திருடவில்லை. அதே அறைக்குள்தான் இருந்தது.

ஒரு துண்டு தின்றான். “இன்னிக்கு என்னண்ணே, ரொம்ப மணமா இருக்கு?” என்று இரண்டாவதையும் எடுத்தான். பிறகு தொண்டையைப் பிடித்துக்கொண்டு பைக்குள் துழாவினான். நானும் எல்லாரோடும் சேர்ந்து தேடினேன். அலமாரிப் பக்கம் மட்டும் போகவில்லை. மருத்துவ வண்டி வந்தபோது அவன் முகம் நீலமாக இருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் மைதானத்தில் முதல் விசில் ஊதியபோது மனம் ஒரு மாதிரி அமைதியாகிவிட்டது.

மற்றதை நீங்களே தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். இரு பக்கமும் கோல் இல்லை. முடியும் நேரத்தில் எங்களுக்குப் பெனால்டி. ஜோயல் இல்லாததால் நினோஸ் வந்தான், இந்த வருடம்தான் அணிக்கு வந்த பையன். ஓடி வந்தான், ஊன்றிய கால் வழுக்கியது. பந்து கோலைத் தாண்டி, வேலியைத் தாண்டி, ஆற்றில் விழுந்தது. ஒரு வாத்துக் கூட்டம் மொத்தமும் எழுந்து பறந்தது. பிறகு மேடையில் யாரோ பாட ஆரம்பித்தார்கள். ஊரே அழுதுகொண்டே பாடியது. ஆறாவது வெள்ளி. நான் நினைத்தது சரிதான் என்று அப்போது தெரிந்தது.

ஜோயலைப் பார்க்க மருத்துவமனைக்குப் பூ வாங்கிக்கொண்டு போனேன். பிழைத்துவிட்டான், தொண்டையில் குழாய் போட்டதால் குரல் மட்டும் கரகரப்பு. என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“நீ மனசை உடைச்சுக்காதேண்ணே. எங்கேயோ மாவு கலந்துபோச்சு, உன் தப்பில்லே. ஊசியைக்கூட நானே எங்கேயோ வச்சுத் தொலைச்சிருப்பேன்.”

யாருமே என்னைச் சந்தேகப்படவில்லை, டோரா. நீங்களும் படவில்லை. பிறகு ஏன் நானாக வந்தேன் என்று கேட்கிறீர்கள். மனசாட்சிதான், வேறென்ன.

இப்போது ஊரில் எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். ஆற்றில் விழுந்த பந்தை ஒருவர் படகில் போய் எடுத்து வந்து தந்தார். நினோஸ் கடைக்குள் நுழைந்தால் எல்லாரும் எழுந்து கைதட்டுகிறார்கள். “வாடா வாத்து! உக்காரு, என்ன சாப்பிடுறே?” என்கிறார்கள். நான் பக்கத்து மேசையில்தான் இருந்தேன். நேற்று ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். நான் கையை நீட்டினேன். “கொஞ்சம் நகருங்க பெரியவரே” என்று சொல்லிவிட்டு, குழந்தையை நினோஸ் மடியில் வைத்துப் படம் எடுத்தாள்.

நினோஸ்மேல் எனக்கு எந்தப் பொறாமையும் இல்லை. உண்மை உண்மையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவனுடையது வெறும் வழுக்கல். ஆறாவது வெள்ளியை இந்த ஊருக்கு வாங்கித் தந்தவன் நான். கேக்கில் பாதாம் போட்டதும் ஊசியை மறைத்ததும் நான்தான், வேறு யாருக்கும் பங்கில்லை. இதை அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அருங்காட்சியகத்தில் என் படத்தை இறக்கிவிட்டு, சனிக்கிழமை அந்த இடத்தில் நினோஸின் படத்தை மாட்டப்போகிறார்களாம். அதற்குள் இது பத்திரிகையில் வந்துவிடும் அல்லவா?