ராணிக்கு ஒரு குதிரை

— அழாத ரே. கண்ணு மை கரைஞ்சு கன்னத்துல ஓடிருச்சுன்னா மேடையில அடுப்புத் துணி மாதிரி நிக்கணும்.

— நான் எங்க அழறேன்? மைதானத்துத் தூசி, மார்லா.

— தூசிதான், யாரு இல்லன்னா. ட்யூக் உன்னைத் தள்ளி விட்ட இடத்துல ஒரு மூட்டை தூசி கிளம்புச்சு, நான் பார்த்துக்கிட்டுத்தான இருந்தேன்.

— தள்ளி விடல. முன்னங்காலைத் தூக்குச்சு, நான் சறுக்கி இறங்கிட்டேன்.

— சரி மகாராணி, நீ சறுக்கித்தான் இறங்கின. தொப்பிதான் தனியாப் பறந்து போயி நடுவரம்மா காலடியில விழுந்துச்சு.

— தொப்பி விழுந்தாலே பாதி மார்க்கு போயிரும். இருபது ஊசி குத்தியிருந்தேன்டி. எல்லாத்தையும் பிச்சுக்கிட்டுப் போயிருச்சு.

— உங்க அம்மா என்ன சொன்னாங்க?

— அது என்ன சொல்லும். கேலரியில உக்காந்து கைக்குட்டையைக் கசக்கிக்கிட்டு இருக்கு. அப்பா கடைசி வரிசையில இருக்காரு. காலையில இருந்து என்கிட்ட ஒரு வார்த்தை பேசல.

— ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. எனக்குக் குதிரை ஓட்ட வராதுன்னுதான இந்த ரோடியோ ராணிப் போட்டியில என்னைச் சேர்த்த?

— ஆமா, அதுக்குத்தான். ஒருத்தி மட்டும் நின்னா கிரீடம் கிடையாதுன்னுட்டாங்க, ரெண்டு பேராவது வேணுமாம். மத்தவளுங்க எல்லாம் பில்லிங்ஸ், டென்வர்னு பொழைக்கப் போயிட்டாளுங்க. ஊர்ல கல்யாணம் ஆகாம மிச்சம் இருக்கறது நீயும் நானும்தான். நீ பேருக்கு வந்து நின்னு தோத்துட்டுப் போனாப் போதும்னு பெட்ரோல் பங்க்குக்கே வந்து கெஞ்சினேன்ல?

— கெஞ்சின. நான் காபி மெஷினைக் கழுவிக்கிட்டு இருந்தேன். பள்ளிக்கூடம் முடிஞ்சு அன்னிக்குத்தான் முதல் தடவையா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட.

— அதையெல்லாம் இப்ப எடுக்காத மார்லா. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். சின்னப் பிள்ளையில இருந்து இந்தப் போட்டியைப் பார்க்கறேன். வருஷா வருஷம் குதிரையை மாத்தித்தான் ஓட்ட விடறாங்க. தன் குதிரை மேல எவளும் ராணியா இருப்பா, அடுத்தவ குதிரையை அடக்கறவதான் ராணின்னு ஊரே சொல்லும். அது எனக்கு மட்டும் உறைக்கல.

— நெனப்பு பூரா கிரீடத்துல இருந்துச்சு.

— நீ கொண்டு வந்த உங்க மாமாவோட முரட்டு ட்யூக் எனக்கு வந்துருச்சு. என் பென்னி உனக்குப் போயிருச்சு.

— பென்னி மேல ஒரு உருளைக்கிழங்கு மூட்டையை ஏத்தி விட்டாக்கூட எட்டு போட்டுட்டு வந்து நிக்கும். நான் என்னத்தக் கண்டேன். உக்காந்திருந்தேன், அவ்வளவுதான்.

— அதைத்தான் சொல்றேன். குட்டியில இருந்து அதைப் பழக்கினது நான். பனியில, சேத்துல, காய்ச்சலோட எல்லாம் பழக்கினேன். அத்தனையும் உனக்கு உழைச்சிருக்கு.

— நிஜமாவே திங்கக்கிழமை சந்தைக்குப் போகுதா?

— மாடு எல்லாம் போகுது, கூடவே அதுவும். மூணு வருஷமா மழை இல்ல. மாட்டுக்கே தீனி இல்லாம விக்கறோம், குதிரைக்கு நான் எங்க போவேன்னு அப்பா கேக்கறாரு. நீ ராணி ஆனா மட்டும் ஒரு வருஷம் விட்டு வெக்கறேன்னாரு. ராணின்னா ஊர் ஊரா நடக்கற குதிரை, காளை விளையாட்டு ரோடியோவுக்கெல்லாம் போகணும், சொந்தக் குதிரை இல்லாம எப்படி அனுப்பறதுன்னு அவரா சொன்னதுதான். அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இத்தனை நாள் ஓட்டினேன்.

— நல்ல குதிரைடி அது. யாராவது ஏறி ஓட்டறதுக்கு வாங்குவாங்க.

— எவன் வாங்கறான்? ஊர்ல எவன்கிட்ட புல்லு இருக்கு? உங்க மாமாவுக்கு ஆத்தோரத்து நிலம், அதனால ட்யூக் கொழுத்துக் கெடக்கு. போன சந்தையில நல்ல நல்ல குதிரையா நின்னுச்சு. எல்லாத்தையும் அந்த ஒரே ஆளுதான் எடை பார்த்து வாங்கினான். லாரி நேரா வடக்க கனடாவுக்கு, அங்க கறிக்கு. என் பென்னிக்கு எட்டு போடத் தெரியும்னு அவன் தராசுக்குத் தெரியுமா?

— பொலம்பாத. மூச்சை இழுத்து விடு.

— ஒரு வழி இருக்கு, கேளு. உன் பேரைக் கூப்பிட்டதும் நீ மேடைக்குப் போ. மைக்கைக் கையில வாங்கி, எனக்கு வேண்டாம்னு சொல்லிரு. ராணி ஏத்துக்கலைன்னா ரெண்டாவது வந்தவளுக்குத்தான் கிரீடம். விதியே அப்படித்தான்.

— இப்பவே போட்டி நடத்தற ஓபெர்க் அம்மாகிட்ட போயி விலகிக்கறேன்னு சொல்லிட்டா?

— ஐயோ, அது மட்டும் கூடாது. நீ இப்ப விலகினா நான் ஒத்தையா நிப்பேன், போட்டியே இல்லன்னு மூடிட்டுப் போயிருவாங்க. பேரைக் கூப்பிட்ட பிறகு சொல்லணும்.

— ஊரே பார்க்க.

— ஊரே பார்த்தா என்ன? பங்க்குல லீவு தரமாட்டாங்கன்னு சொல்லு. நம்புவாங்க.

— நம்புவாங்க. என்னைப் பத்தி அப்படி எதைச் சொன்னாலும் நம்புவாங்க.

— கோவமா?

— இல்ல. ஒண்ணு சொல்லட்டுமா? நான் தேசியக் கொடியைப் பிடிச்சுக்கிட்டு பென்னி மேல சுத்தி வந்தேன்ல, அப்போ டீசல் போட வர்ற லாரிக்காரங்க அத்தனை பேரும் எந்திரிச்சுத் தொப்பியைக் கழட்டினாங்க. தினமும் என்னை 'ஏய்'ன்னு கூப்பிடறவங்க.

— அவங்க கொடிக்காகக் கழட்டினாங்கடி.

— தெரியும். இருந்தாலும் அந்த ஒரு சுத்து முடியக் கூடாதுன்னு இருந்துச்சு.

— பொண்ணுங்களா, குதிரைக் கொட்டடிக்குப் பின்னால என்ன குசுகுசுன்னு? அங்க நடுவருங்க மார்க்கைக் கூட்டி முடிச்சாச்சு.

— ஒண்ணுமில்ல ஓபெர்க் அம்மா. ரே மூஞ்சி கழுவிக்கிட்டு இருக்கா.

— கழுவினது போதும். ரேலின், தொப்பி எங்க? தொப்பி இல்லாம ஒருத்தியையும் மேடையேத்த மாட்டேன், முப்பது வருஷமா ஏத்தினது இல்ல. மார்லா, நீ கை வீசினது அழகா இருந்துச்சும்மா. முழங்கை அசையல. யாரு சொல்லிக் குடுத்தா?

— ரேதான். நேத்து சாயந்தரம்.

— அப்படி இருக்கணும் சிநேகிதம். சரி, வந்து நில்லுங்க. அடுத்த வருஷம் நிக்கறதுக்கு ஆளும் கிடையாது, நானும் அரிசோனாவுக்கு மகன் வீட்டுக்குப் போறேன். இதுதான் கடைசி. பல்லு தெரியச் சிரிங்க.

— போயிருச்சா அந்தம்மா?

— போயிருச்சு. தொப்பியைத் தட்டிப் போடு, பின்னால சாணி ஒட்டியிருக்கு.

— மார்லா, செய்வியா?

— நீ எதைச் சொல்லி நான் செய்யல? நில்லுன்ன, நின்னேன். கூந்தலைச் சுருட்டுன்ன, சுருட்டினேன். தோத்துருன்ன, அது ஒண்ணுதான் முடியல.

— என் உசிரையே உன் கையில குடுத்திருக்கேன்டி. சும்மா இரு, மைக்குல அறிவிக்கறவரு பேசறாரு.

— தீவனக் கடைக்காரருக்கு நன்றி சொல்றாரு. சர்ச்சுல சமைச்சவங்களுக்கு நன்றி. காளை மேல உக்காந்து கையை ஒடச்சுக்கிட்டவனுக்கு நன்றி.

— ரெண்டாவது இடம் யாருன்னு சொல்றாரு, கேளு.

— உன் பேரு ரே.

— தெரியும். எனக்குத் தெரிஞ்சதுதான். இப்ப உன் பேரு வரும். வந்ததும் போ, நேரா மைக்குக்குப் போ, யார் முகத்தையும் பார்க்காத. சொல்லிட்டு இறங்கிரு.

— வந்துருச்சு.

— போ மார்லா. ஏன் நிக்கற?

— எல்லாரும் எந்திரிச்சு நிக்கறாங்க.

— நிக்கட்டும். நான் சொன்னது ஞாபகம் இருக்குல்ல? பங்க்கு, லீவு, அவ்வளவுதான்.

— நீதான் என் கையைப் பிடிச்சுக்கிட்டு இருக்க. விடு.

— வேண்டாம்னு சொல்லுவல்ல?

— மாட்டேன் ரே.

— மார்லா, திங்கக்கிழமை அந்த லாரி வரும். பென்னி கறிக்குப் போகும்டி.

— போகாது. நேத்தே எங்க மாமா உங்க அப்பாகிட்ட விலை பேசி முடிச்சுட்டாரு. பென்னி இப்ப என் குதிரை.