கேள்வியைப் பார்க்கிறவர்கள்

மாயக்காள்: நிழல்ல நிக்காதத்தா. இப்படி வெளிச்சத்துக்கு வந்து சொல்லு. என்ன சர்வே?

ரோகிணி: டிவி சர்வேக்கா. இந்தத் தறி ஷெட்டுல என்னென்ன நிகழ்ச்சி பாக்குறீங்கன்னு...

மாயக்காள்: யாரு எடுக்குறது?

ரோகிணி: அது... ஒரு கம்பெனிக்கா.

மாயக்காள்: ஆமா, தெனம் சாயங்காலம் ஏழு மணிக்கு ஜிகுஜிகுன்னு கோட்டு மாட்டிக்கிட்டு ‘கேட்டுப் பாரு’ நிகழ்ச்சியில கேள்வி கேக்குற பிள்ளை, காலையில சர்வேக்குப் போகுதாக்கும்!

சிவக்குமார்: போச்சா! மாஸ்க்கப் போட்டுக்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்.

ரோகிணி: சும்மா இருங்க சிவாண்ணே... சரிக்கா, ஒத்துக்குறேன். ரோகிணிதான் நான். இவரு எங்க சேனல் கேமராமேன், சிவக்குமார்.

மாயக்காள்: நான் மாயக்காள். உள்ள இருக்குற எட்டுத் தறியில நாலு என் பொறுப்பு. இன்னைக்கி மாசாந்தர ஷட்டவுனு, கரண்டு இல்ல. அதான் செல்லூரே அமைதியாக் கெடக்கு. இல்லாட்டி இங்க நின்னு பேச முடியுமா? சரி, எதுக்கு வந்த?

ரோகிணி: இது உங்க நம்பர்தானே?

மாயக்காள்: என்னுதுதான்.

ரோகிணி: ரெண்டு மாசமா நிகழ்ச்சி முடிஞ்சதும் இதுலருந்து ஒரு மெசேஜ் வருது. நான் கேட்ட பத்துக் கேள்வியையும் வரிசையா எழுதி, கடைசியில ‘சரியா?’ன்னு. நான் கேட்டத எனக்கே திருப்பி அனுப்பிட்டு, என்னக்கா சரியா? ஆபீஸ்ல எல்லாரும், யாரோ உன்னையக் கிண்டல் பண்றாங்கன்னு...

மாயக்காள்: கிண்டலா? கேள்வி எங்களுக்குக் கெடைக்கவே இல்லையேத்தா. அதான் சரியான்னு கேட்டோம்.

சிவக்குமார்: பத்துக் கேள்வியும் அச்சு மாதிரி வருது, கெடைக்கலைங்குது. எப்படிக்கா?

ரோகிணி: அக்கா... அண்ணன் ஏதோ கேக்குறாரு.

மாயக்காள்: எந்த அண்ணன்? ஓ, எனக்குப் பின்னாடி நிக்கிறியா தம்பி! முன்னாடி வா, முதுகுக்குப் பின்னாடி என்ன பேச்சு.

சிவக்குமார்: வந்துட்டேன்க்கா. கேள்வி எப்படித் தெரிஞ்சுச்சுன்னு கேட்டேன்.

மாயக்காள்: எட்டுத் தறி ஓடுறப்ப உள்ள நின்னுருக்கியா நீ? காதுகிட்ட வந்து கத்துனாலும் விழாது. டிவி செவத்துல ஓடும், படம் மட்டுந்தான். உங்க படத்துல நாலு விடை எழுத்துல வருது. சரியான விடை பச்சையாகுது. கேள்வி மட்டும் எழுத்துல வர மாட்டேங்குது.

ரோகிணி: கேள்விய நான் வாயால கேக்குறேன்ல...

மாயக்காள்: வாயால கேட்டாலும் போதும். தறிக்காரவுக உதட்டப் பாத்தே பேசுற ஆளுக. நீ என்ன பண்ற? கேள்வி கேக்குறப்ப மட்டும் போட்டிக்கு வந்தவுக பக்கம் திரும்பிக்கிற. உன் கொண்டைதான் எங்களுக்குத் தெரியும்.

ரோகிணி: அப்ப... அந்தக் கேள்வியெல்லாம்?

மாயக்காள்: விடையப் பாத்து நாங்களாக் கண்டுபிடிச்சது.

ரோகிணி: என்னக்கா சொல்றீங்க!

மாயக்காள்: தேனி, சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர். இதுல விருதுநகர் பச்சையாச்சு. அப்படின்னா, வைகை ஓடாத மாவட்டம் எதுன்னு கேட்டுருப்ப.

ரோகிணி: ஆமா!

மாயக்காள்: சனி, வியாழன், செவ்வாய், புதன்னு ஒருநா வந்துச்சு. பக்கத்துத் தறி சீனியம்மா கிழமைன்னு சொல்லிட்டா. ஞாயிறும் திங்களும் இல்லையேன்னு நான் கையக் காட்டுனேன். அப்ப இது கெரகம். புதன் பச்சை. நிலாவே இல்லாத கெரகம் எதுன்னு எழுதிட்டோம்.

சிவக்குமார்: யாத்தே... விடைய வச்சே கேள்விய எழுதிருக்காங்க ரோகிணி.

ரோகிணி: ஒரே ஒருநா மட்டும் கேள்வி மாறியிருந்துச்சு, மிளகுக்கு. அத எழுதுனது யாருக்கா? நான் ‘கறுப்புத் தங்கம்னு எதச் சொல்லுவாங்க’ன்னுதான் கேட்டேன். உங்க மெசேஜ்ல, ‘ரோமாபுரிக்காரன் கப்பல்ல வந்து பொன்னக் கொடுத்துட்டு வாங்கிட்டுப் போனது எது’ன்னு இருந்துச்சு. அதப் படிச்சுட்டு எனக்கு வெக்கமாப் போச்சு. என் கேள்விய விட அது எம்புட்டு நல்லா இருக்கு!

மாயக்காள்: அது இம்மானுவேலு. தறிக்குப் பாவு நூல் ஏத்துறவரு. வாயத் தெறந்து பேசவே மாட்டாரு, மண்டைக்குள்ள அம்புட்டும் இருக்கு.

ரோகிணி: இத்தன பேரு தறிய ஓட்டிக்கிட்டே, கையால பேசிக்கிட்டே...

மாயக்காள்: நூல் சுத்துறவுகளையும் சேத்து நாங்க எட்டுப் பேருதான். ஆனா இந்தச் சந்துல பதினோரு ஷெட்டு இருக்கு. எல்லாத்துலயும் நீதான் ஓடுற. எந்த ஷெட்டு கேள்விய முதல்ல கண்டுபிடிக்குதோ, அதுக்கு மத்த ஷெட்டுக்காரவுக மறுநா டீ வாங்கித் தரணும். நேத்து நாங்க குடிச்சோம்.

சிவக்குமார்: பதினோரு ஷெட்டா! எங்க ரேட்டிங்ல ஒருத்தர் கூட ஏறலையேக்கா.

மாயக்காள்: ரேட்டிங் பொட்டிய எங்கத்தா வச்சுருக்காக?

ரோகிணி: வீட்லதான்... ஷெட்டுல யாரு வைப்பா? அடக் கடவுளே.

மாயக்காள்: இருவது வருசத்துக்கு முந்தி இதே நிகழ்ச்சிய உக்கிரபாண்டி வாத்தியாரு நடத்துனப்ப இந்தத் தொல்லையே கெடையாது. கரும்பலகையில சாக்பீஸால கேள்விய எழுதுவாரு. எழுதிட்டு மறைக்காம ஒதுங்கி நிப்பாரு. செல்லூரே அந்தப் பலகையத்தான் பாத்துச்சு. திரும்பவும் வருதுன்னதும் அம்புட்டு சந்தோசம் எங்களுக்கு. வந்து பாத்தா, ஒரே லைட்டு, டான்ஸு. பலகையக் காணோம்.

சிவக்குமார்: அந்தப் பலகைய எடைக்குப் போட்டதே நாந்தான். பழசாத் தெரியும்னு.

ரோகிணி: பத்து மாசமா மீட்டிங் போட்டுப் பேசுறோம், ஏன் ஓடலைன்னு. செட்ட மாத்துனோம், மியூசிக்க மாத்துனோம், என் தலைமுடியக் கூட மாத்துனோம். யாருக்கும் இது தோணலையே...

சிவக்குமார்: ரோகிணி, இங்கிட்டு வண்டிகிட்ட வா. ஒரு நிமிசம்க்கா, வந்துர்றோம்.

ரோகிணி: என்னண்ணே?

சிவக்குமார்: மெதுவாப் பேசு, அந்தக்காவுக்குக் கேட்டுறப் போகுது. வெள்ளிக்கிழமையோட நிகழ்ச்சிய நிப்பாட்டுறாங்க. எம்.டி. கையெழுத்துப் போட்டாச்சு. தெரியும்ல?

ரோகிணி: தெரியும். அதுக்காகத்தான் சொல்றேன், வெள்ளிக்கிழமை லைவ்ல இந்தக்காவ உக்கார வைப்போம். நாம விடைய மட்டும் காட்டுவோம், கேள்விய அவங்க சொல்லட்டும். ஸ்பான்சரும் அன்னைக்கி வர்றாரு, பாத்து மனசு மாறுனா நிகழ்ச்சி தப்பிச்சுரும். நாம இப்ப அசந்து நிக்கிறோமே, அப்படித்தானே பாக்குறவங்களும் அசந்து போவாங்க?

சிவக்குமார்: அசந்துதான் போவாங்க. ஆனா நிப்பாட்டப் போறத மட்டும் அந்தக்காகிட்ட சொல்லிறாத. அத வேற எதுக்கு நோகடிச்சுக்கிட்டு.

ரோகிணி: சரி... அக்கா! வெள்ளிக்கிழமை எங்க ஸ்டூடியோவுக்கு வாங்கக்கா. சிம்மக்கல்தான். கார் அனுப்புறேன்.

மாயக்காள்: நான் எதுக்கு? சீனியம்மாளக் கூட்டிட்டுப் போ. நல்லா வாயடிப்பா.

ரோகிணி: நீங்கதான் வேணும்.

மாயக்காள்: நான் வரலத்தா.

சிவக்குமார்: ஏன்க்கா, கேமரான்னா பயமா?

மாயக்காள்: பயமென்ன பயம். அங்க எங்கிட்டிருந்து யாரு பேசுவாகளோ... லைட்டு வேற கண்ணுல அடிக்கும். எனக்குத் தோதுப்படாது.

ரோகிணி: வீட்ல ஏதும் சொல்லுவாங்களா?

மாயக்காள்: அதெல்லாம் இல்ல.

ரோகிணி: பின்ன என்னக்கா? பலகைய நான் திரும்பக் கொண்டு வாரேன். நானே எழுதுறேன். வேற என்ன செய்யணும், சொல்லுங்க... ஐயோ, கரண்டு வந்துருச்சு! அக்கா! என்ன சத்தம் இது! நான் பேசுறது கேக்குதா அக்கா?

மாயக்காள்: கத்தாதத்தா, தொண்ட கட்டிக்கிரும். சந்து முனைக்கு வா... ம், இன்னும் கொஞ்சம் தள்ளி. இங்கன உனக்குக் கேக்குதா?

ரோகிணி: நல்லாக் கேக்குதுக்கா. உங்களுக்கு?

மாயக்காள்: எனக்கு அங்கிட்டும் ஒண்ணுதான், இங்கிட்டும் ஒண்ணுதான். ரெண்டு காதும் போயி ஆறு வருசமாச்சு. காலையிலருந்து நீ பேசுனதுல ஒரு சொல்லு கூட என் காதுல விழுகலத்தா, அம்புட்டையும் உன் உதட்டுல பாத்தேன். ஷெட்டுக்குள்ள யாருக்குமே எதுவும் கேக்காதுல்ல, அதனால எனக்குக் கேக்காதது இன்னைக்கி வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சா, நூல் அறுந்து சத்தம் மாறுறது இவளுக்கு எங்க தெரியப் போகுதுன்னு ஓனரு வேலைய விட்டு நிப்பாட்டிருவாரு. அதான் வரலன்னேன். ஆனா, இந்தத் தம்பி வண்டிகிட்ட நின்னு மெதுவாச் சொன்னத இங்கிருந்தே பாத்துட்டேனே, வெள்ளிக்கிழமையோட முடியுதாமே... பதினோரு ஷெட்டும் அப்புறம் எதப் பாக்கும்? நான் வாரேன். தெரிஞ்சாத் தெரிஞ்சுட்டுப் போகுது. நீ மட்டும் முகத்தத் திருப்பாம என்னையப் பாத்தே பேசு, போதும்.