பட்டாளத்துக்கு ஆகிற உடம்பு

— ஐயோ, அப்படிக் குத்தாதீங்க! களி என்ன காட்டுப் பன்னியா, ஈட்டியில குத்தறதுக்கு?

— சும்மா இரு செல்லி. பெங்களூருல கையால தின்னா சிரிப்பாங்களாம். இடது கையில முள்ளுக்கரண்டி, வலது கையில கத்தி. இப்பவே பழகிக்கணும்.

— இடது கையிலயா? சோத்த இடது கையால வாயில வெப்பாங்களா? த்தூ...

— வெள்ளக்காரன் வழக்கம் அது. ஆபீசர் ஆவணும்னா அப்படித்தான்.

— ஆவுங்க. யாரு வேணாங்கறா? முள்ளுல ஒட்டின களிய வழிச்சு எடுக்கறது எந்தக் கையி?

— இரு... இரு... பாரு, வந்திருச்சு பாரு!

— வந்துச்சு, மடியில வுழுந்துச்சு. உங்க பட்டாளத்துல வேட்டி தொவைக்க ஆளு இருக்குதா?

— அங்க ஏது வேட்டி? கால்சட்டைதான். கேடட்டுன்னா சும்மாவா? ஆறு மாசம் பயிற்சி, அப்புறம் தோள்ல நட்சத்திரம்.

— நட்சத்திரம் இருக்கட்டும். போனதும் மொதல்ல என்னா பண்ணுவாங்களாம்?

— மொதல்ல முடிய ஒட்ட வெட்டுவாங்க. அப்புறம் டாக்டரு எடை போடுவாரு. சேலத்து டாக்டரு சொல்லித்தானே அனுப்பினாரு... 'ஒடம்பு பத்தாது தம்பி, சேர்றதுக்குள்ள தேத்திக்கிட்டுப் போ. இல்லாட்டி அங்கருந்து திருப்பி அனுப்பிடுவாங்க'ன்னு.

— அதுக்குத்தானே நானும் ஒரு மாசமா இந்தப் பாடு படறேன். இந்தாங்க, கொள்ளு ரசம்.

— நேத்தும் கொள்ளுதானே...

— நேத்து கடைசலு. முந்தா நாளு சுண்டலு. குதிரை என்னாத்தத் தின்னுட்டு அந்த ஓட்டம் ஓடுது? பட்டாளத்துக்கு ஆகிற ஒடம்புக்கு இதான் சாப்பாடு.

— சரி, இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து.

— வேணுமா? மெய்யாலுமா?

— ஊத்து புள்ளே. நாக்குல நல்லா இருக்குது.

— ஊத்தறேன், ஊத்தறேன்... கால நீட்டுங்க, பாப்போம். பூட்ஸு கடிச்சது ஆறிச்சா?

— வெளக்கெண்ணெ தடவி வெச்சியே, அதுல பூட்ஸு தோலு கொஞ்சம் எளகிருக்குது. ராத்திரி ஒத்தப் பூட்ஸ நாயி இழுத்துக்கிட்டுப் போயி சோளக்காட்டுல போட்டுருச்சு.

— அதுக்கும் பட்டாளத்துக்குப் போவணும்னு ஆசை போல.

— சிரி, சிரி. நாளைக்கு நான் கேப்டனா வந்து நின்னா நீதான் சல்யூட் அடிப்ப.

— அடிக்கறேன். அதுக்குத்தானே விடியக்காலையில மணல் மூட்டையத் தூக்கிக்கிட்டு மலையடிவாரம் வரைக்கும் ஓடறீங்க? ஊரே பாத்துச் சொல்லுது, மணியகாரர் மவனுக்குப் பட்டாளத்து மேல என்னா வெறின்னு.

— ஒடம்பு உறுதியாவணும்ல. நீ அழுதுகிட்டு மூலையில ஒக்காருவியோன்னு நெனச்சேன்.

— நான் எதுக்கு அழுவணும்? எங்கண்ணன் பட்டாளத்துக்குப் போனப்பவே அழுவல. பச்சியப்பன் தங்கச்சி நானு.

— அவன் சிங்கப்பூருக்குப் போயி...

— இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?

— இல்ல... ஜப்பான்காரன் சிங்கப்பூர புடிச்சதுலருந்து ஒரு தகவலும்...

— ரசம் ஆறுது. குடிங்க.

— சரி, சரி. அப்பா எங்க? காலையிலருந்து சத்தத்தையே காணோம்.

— அவரு அப்பவே பஸ்ஸு நிக்கற எடத்துக்குப் போயிட்டாரு. மேளக்காரங்கள வரச் சொல்லியிருக்காராம். மாலை வேற. 'தீர்த்தகிரி மணியகாரன் மவன் சென்னப்பன் ராஜாவோட பட்டாளத்துல ஆபீசர் ஆவப்போறான்'னு போறவன் வர்றவனெல்லாம் நிறுத்தி வெச்சுச் சொல்றாராம்.

— தாசில்தார்கிட்ட எம்பேரக் குடுத்ததே அவருதானே. என்னக் கூப்புட்டு 'பேரு குடுத்துட்டேன்'னாரு. அவ்ளோதான்.

— நீங்களும் 'சரிங்கப்பா'ன்னீங்க. கதவுக்குப் பின்னாலருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். என்னா தைரியமாச் சொன்னீங்க!

— ம்... செல்லி, ஒண்ணு சொல்லட்டுமா?

— சொல்லுங்க.

— நேத்து சந்தையில தீர்த்தமலை சவுரியப்பனப் பாத்தேன். அவன் மச்சான் அந்தப் பெங்களூரு பட்டாளப் பள்ளிக்கூடத்துலதான் சமையல் பண்றானாம்.

— என்னா சொன்னாரு?

— இப்பல்லாம் எடை கொறஞ்சவன யாரையும் திருப்பி அனுப்பறதில்லையாம். சண்டைக்கு ஆளு பத்தலயாம். முட்டை, கறி, வெண்ணென்னு போட்டு, தேத்தி அவங்களே வெச்சுக்கறாங்களாம்... ஏ, ஏ, சட்டி! ரசம் பூரா தரையில போச்சு. என்னா புள்ளே?

— திருப்பி... அனுப்ப மாட்டாங்களா?

— மாட்டாங்களாம். நல்ல சேதிதானே...

— நல்ல சேதிதான்.

— அப்ப எதுக்கு அழுவற?

— அழுவல. பொகை.

— அடுப்பே எரியலயே செல்லி.

— நான் பாவிங்க... பெரிய பாவி. கொள்ளு தின்னா ஒடம்பு எளைக்கும்ங்க. ஊருல இருக்கற பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சேதான் போட்டேன். பாலுல பாதி தண்ணி. நெய்யக் கண்ணுலயே காட்டல. நீங்க எளைச்சுப் போயி, டாக்டரு வேணாம்னு சொல்லி, திரும்பி இந்த வூட்டுக்கே வந்துரணும்னு... தீர்த்தமலை சாமிக்கு வேண்டிக்கிட்டு, வேண்டிக்கிட்டுப் போட்டேன். திட்டணும்னா திட்டுங்க. அடிங்க.

— எனக்குத் தெரியும்.

— என்னாது?

— கொள்ளு எளைக்கும்னு. எங்கம்மா உசுரோட இருந்தப்ப அப்பாவுக்குத் தொந்தி கரையணும்னு அதத்தான் போடும்.

— தெரிஞ்சுமா தின்னீங்க?

— கேட்டுக் கேட்டில்ல தின்னேன்! நீ விவரம் தெரியாமப் போடறன்னு நெனச்சேன். நல்லதாப் போச்சுன்னு வாய மூடிக்கிட்டேன். அந்தத் தண்ணிப் பாலக்கூட நான் குடிக்கல. கன்னுக்குட்டிக்கு ஊத்திட்டேன்.

— மூட்டையத் தூக்கிக்கிட்டு ஓடினது?

— ஒட்டிக்கிட்டு இருக்கற சதையும் கரையட்டும்னு.

— அடப்பாவி மனுசா! அப்ப உங்களுக்குப் போற ஆசையே இல்லையா?

— ஏது ஆசை? பயந்து சாவறேன். ஆனா பச்சியப்பன் தங்கச்சிகிட்ட வந்து அத எப்படிச் சொல்றது? நீ கண்ணுல தண்ணி வராம நிக்கற...

— நீங்க மார நிமித்திக்கிட்டு வாசல்ல லெப்ட் ரைட் போடறீங்க, நான் எப்படிச் சொல்றது? எங்கம்மா இருக்கற இருப்பு தெரியுமா உங்களுக்கு? காக்கி போட்டவன் எவன் ரோட்டுல வந்தாலும் குறுக்கப் போயி நிக்குது. 'எம்மவன் பச்சியப்பனப் பாத்தியா சாமி'ன்னு கேக்குது. நான் அப்படி நிக்க மாட்டேங்க. என்னால ஆவாது.

— செல்லி... ஏய், இங்க பாரு...

— மேளம் கேக்குது.

— ஆமா. வண்டி வந்திருச்சு போல. கரியில ஓடற பஸ்ஸுல்ல, பொகை இங்க வரைக்கும் தெரியுது.

— போவாதீங்க.

— போவல.

— மெய்யாலுமா?

— மெய்யாத்தான். போவல. ஆனா... அப்பாகிட்ட நீ சொல்லிடு.

— நானா? நல்லா இருக்குதே! இந்த வூட்டுக்கு வந்த நாள்லருந்து மாமனாரு முன்னால நின்னு ஒரு வார்த்த பேசியிருக்கறனா? செருமல் சத்தம் கேட்டா உள்ளாற ஓடறவ நானு. எந்த மருமவ இந்த ஊருல மாமனாருகிட்ட வாயத் தொறந்திருக்கா? நீங்க பெத்த புள்ள. நீங்கதான் சொல்லணும்.

— பெத்த புள்ளதான். இன்னிக்கு வரைக்கும் அவரு முன்னால ஒக்காந்தது கெடையாதே.

— நின்னுக்கிட்டே சொல்லுங்க.

— மேளக்காரன், தாசில்தாரு ஆளுங்க, ஊரு சனம்... அத்தினி பேருக்கு நடுவுலயா?

— ஆளனுப்பி வூட்டுக்குக் கூப்புட்டுச் சொல்லுங்க. 'அப்பா, எனக்குச் சண்டை வேணாம், பயமா இருக்குது'ன்னு. இத்தினூண்டு பேச்சு. எங்க, சொல்லிப் பாருங்க. நான்தான் மாமனாருன்னு வெச்சுக்குங்க.

— அப்பா...

— ம்.

— அப்பா... எனக்கு...

— ம், சொல்லுங்க. வருது... ஏனுங்க, ஏன் நின்னுட்டீங்க?

— பொட்டிய எடுத்துக் குடு செல்லி. அப்பாகிட்டப் போயி இதச் சொல்றதுக்கு... ஜப்பான்காரன்கிட்டயே போயிடலாம்.